பூனைக்கும் பதினாறு நாள் சைவம்

எங்கள் வீட்டில் யாராவது இறந்தால் பதினாறு நாளைக்கு மீன், கறி, முட்டை எதுவும் உள்ளே வராது. அம்மா இறந்தபோதும் அப்படித்தான். புக்கிட் பாஞ்சாங்கிலிருந்து அப்பாவின் அக்கா வந்து அடுப்படியைக் கையில் எடுத்துக்கொண்டார். மீன்சட்டியைத் தேய்த்துக் கவிழ்த்தார். கருவாட்டு டின்னை மாடி வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார். கதவுக்குப் பின்னால் மரப்பெட்டியில் நான்கு குட்டிகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்த பூனைக்கும் தயிர்சோறு என்று ஆயிற்று. யாரும் யோசித்துச் செய்ததல்ல. வீட்டில் என்ன இருந்ததோ அதைப் போட்டோம்.

அறுபதுகளின் தொடக்கம் அது. சிராங்கூன் ரோட்டை ஒட்டிய சந்து ஒன்றில், கடைவீட்டின் பின்பகுதியில் குடியிருந்தோம். எனக்குப் பத்தொன்பது வயது. மூன்று பேர் இருந்த வீட்டில் இனி இரண்டு பேர் என்பது எனக்குத் தெரியும், அவ்வளவுதான். பல் பிடுங்க ஊசி போட்ட தாடை மாதிரி இருந்தேன். தொட்டால் தெரிந்தது, வலிக்கவில்லை. துக்கம் கேட்க வந்தவர்கள் என்னைக் கட்டிப்பிடித்து அழுதார்கள். நான் அவர்கள் முதுகைத் தட்டிக் கொடுத்தேன். "இந்தப் பொண்ணு ஒரு சொட்டுக் கண்ணீர் விடல பாத்தியா" என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. சொல்லிவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

பூனைக்கு அம்மா சாப்பாடு போடும் விதம் எனக்கு நன்றாகத் தெரியும். தேக்கா மார்க்கெட்டில் வாங்கிய குனிங் மீனையோ மீன் தலைகளையோ உப்பு, மஞ்சள் எதுவும் இல்லாமல் ஒரு தனி டின்னில் வேகவைப்பார். ஆறியதும் உட்கார்ந்து முள்ளை எல்லாம் எடுத்துவிட்டு ஒரு பிடி சோற்றோடு பிசைவார். மீன்தான் அதிகம், சோறு பேருக்கு. குட்டி போட்டிருந்தால் ஒரு நாளைக்கு மூன்று வேளை. வெள்ளிக்கிழமை எங்களுக்குச் சைவம். அன்றைக்கும் பின்சந்தில் கரியடுப்பை வைத்துப் பூனைக்கு மீன் வேகும். இத்தனையும் பார்த்து வளர்ந்தவளுக்கு அந்த நாட்களில் எதுவும் நினைவுக்கு வரவில்லை.

அத்தை நல்லவர். குட்டிகள் ஓயாமல் கத்துவதைப் பொறுக்காமல், டீக்கு வைத்திருந்த டின்பாலைச் சுடுதண்ணீரில் கரைத்துத் துணித்திரியால் புகட்டினார். "மனுசப் புள்ளைக்கே இதத்தானே கரைச்சுக் குடுக்கறோம்" என்றார். குட்டிகளுக்கு வயிற்றால் போக ஆரம்பித்தது. ஆறாம் நாள் ஒன்று செத்தது. ஒன்பதாம் நாள் இன்னொன்று. அத்தை பேப்பரில் சுற்றி எடுத்துப்போனார். பெட்டியில் இரண்டுதான் இருக்கின்றன என்று பார்த்தேன், பிறகு குழாயடிக்குப் போய்த் துணி துவைத்தேன். இதை எழுதும்போது என் மேலேயே எனக்குக் கோபம் வருகிறது. அன்று வரவில்லை.

மாடியில் இருந்தது நாகூர்ப் பக்கத்துக் குடும்பம், மசாலாச் சாமான் வியாபாரம். அந்த வீட்டு அம்மாவை ராத்தா என்று கூப்பிடுவோம். பன்னிரண்டாம் நாள் காலை பின்சந்தில் துணி காயப்போட வந்தவர் பூனையின் தட்டைப் பார்த்து நின்றுவிட்டார்.

"என்னம்மா இது, தயிர்சோறா?"

"பதினாறு முடியலல்ல, ராத்தா."

"அது உங்களுக்கும்மா. புள்ள பெத்தவளுக்குச் சுறாப்புட்டு அவிச்சுக் குடுக்கறவங்கதான நம்ம? பால் ஊறணும்னா மீன் வேணாமா? இது மடி வத்திப்போய் கெடக்குது பாரு."

"குட்டிக்கு அத்தை டின்பால் குடுக்கறாங்க."

"அது பூரா சீனிலா. அதனாலதான் வயித்தால போவுது. தாய்க்குத் தீனி போடு, குட்டிய அது பாத்துக்கும். நான் வேணா ஆக்கித் தரவா?"

வேண்டாம் என்றேன். கூடையை எடுத்துக்கொண்டு தேக்காவுக்கு நடந்தேன். அம்மா போனபிறகு நான் தெருவில் இறங்கியது அன்றுதான். மிச்சம் இருக்கும் இரண்டையும் பேப்பரில் சுற்ற விடக்கூடாது என்பது மட்டும் மனதில் இருந்தது.

அம்மா வழக்கமாக வாங்கும் மீன்கடை ஒரு சீனருடையது. அவருக்குத் தமிழ் தெரியாது, எங்களுக்குச் சீனம் தெரியாது. மார்க்கெட் மலாயில்தான் பேச்சு. என்னைப் பார்த்ததும், அம்மா எங்கே, இத்தனை நாளாய்க் காணோமே, பூனைக்கு எடுத்து வைத்த தலைகள் எல்லாம் வீணாய்ப் போயிற்றே என்று கேட்டார்.

"சாக்கிட்" என்றேன். உடம்பு சரியில்லை என்று அர்த்தம். இறந்துவிட்டார் என்பதற்கும் எனக்கு மலாய் தெரியும். வாயில் வந்தது இதுதான்.

அவர் முகம் வாடிவிட்டது. குனிங் மீனையும் தலைகளையும் கட்டிக் கொடுத்தபின், பெரிய வெள்ளை வாவல் மீன் ஒன்றை எடுத்துத் தனியாகச் சுற்றினார். அம்மாவுக்குக் கஞ்சியில் போட்டுக் கொடு, தெம்பு வரும் என்றார். வாங்கிக்கொண்டேன்.

பின்சந்தில் கரியடுப்பைப் பற்றவைத்தபோது அத்தை கதவில் வந்து நின்றார். "பதினாறுக்கு இன்னும் நாலு நாள் இருக்கு. அதுக்குள்ள மீன் வாடையா? நாலு பேரு என்ன சொல்லுவாங்க?"

உள்ளேயிருந்து அப்பா, "வீட்டுக்குள்ள ஆக்கலல்ல, விடுக்கா. அவ இருந்தா மொத நாளே ஆக்கியிருப்பா" என்றார். அத்தை மூக்கைப் பொத்திக்கொண்டு போய்விட்டார்.

வாவலையும் அதே டின்னில் போட்டேன். முள்ளெடுத்துப் பிசைந்து வைத்தால் பூனை முகர்ந்துவிட்டு விலகியது. விரலால் எடுத்து அதன் வாயில் தடவினேன். நக்கியது. பிறகு தட்டு நகர்ந்துகொண்டே போகும்படி தின்றது. டின்பாலை நிறுத்தினோம். மூன்று வேளையும் மீன் போட்டேன். இரண்டு நாளில் மடி மறுபடி நிறைந்தது. இருந்த இரண்டில் ஒரு குட்டி அதற்குள் போய்விட்டது. ஒன்று பிழைத்தது.

கருமாதி முடிந்து அத்தை ஊருக்குப் போனார். நான் வாரத்துக்கு இரண்டு முறை தேக்காவுக்குப் போய்வந்தேன். குட்டிக்குப் பல் முளைத்ததும் மீனை மசித்துக் கொடுத்தேன். போகும்போதெல்லாம் மீன்காரர், அம்மா எப்படி இருக்கிறார் என்பார். பரவாயில்லை என்பேன். கஞ்சி குடிக்கிறார் என்றேன். இன்னொரு நாள், எழுந்து உட்கார்ந்தார் என்றேன். அம்மாவுக்கென்று அவர் கொடுத்த மீனைப் பூனையும் குட்டியும் தின்றன. வெட்கமாக இருந்திருக்க வேண்டும்; இல்லை. வேறு எங்கேயும் பேசாத நான் அந்தக் கடையில் மட்டும் அம்மாவைப் பற்றிப் பேசினேன். அந்த நாட்களுக்காகக் காத்திருந்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

மூன்று மாதம் ஆகியிருக்கும். இவ்வளவு நாளாகப் படுத்திருக்கிறாரே, ஞாயிற்றுக்கிழமை கடை முடித்து வந்து பார்க்கிறேன், வீடு எது என்று கேட்டார். அதற்கு மேல் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. இறந்துவிட்டார் என்றேன்.

அவர் கத்தியைக் கீழே வைத்தார். எப்போது என்று கேட்டார்.

மூன்று மாதம் முன்பு என்று எப்படிச் சொல்வது? "செமாலாம்" என்றேன். நேற்று.

சொன்னதும் மீன்தண்ணீர் ஓடிய தரையில் கூடையோடு உட்கார்ந்துவிட்டேன். வாய்விட்டு அழுதேன். மார்க்கெட்டே திரும்பிப் பார்த்தது. அவர் மேடையைச் சுற்றிக்கொண்டு ஓடி வந்தார். கையெல்லாம் செதிலாக இருந்ததால் என்னைத் தொடத் தயங்கி, ஈரக் கைகளைத் தூக்கிப் பிடித்தபடி பக்கத்திலேயே நின்றார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது. அவருக்கும் எனக்கும் அம்மா அப்போதுதான் இறந்திருந்தார்.