துடக்கும் நீலச் சங்குப்பூவும்

கஜந்தினிக்கு மாதத்தில் மூன்று நாள் வேலை இல்லை. அது அவள் கேட்ட விடுமுறை அல்ல.

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் ஏரம்பு நடத்தும் பூங்கன்றுத் தோட்டத்தில் அவள் ஆறு வருடமாக வேலை செய்கிறாள். பதியம் வைப்பதில் அவளுக்கு நிகரில்லை. ஆனால் மாதவிலக்கு நாட்களில் அவளோ மற்றப் பெண்களோ படலை வாசலுக்குள் வரக்கூடாது. துடக்கோடு தொட்டால் கன்று கருகிவிடும் என்பது ஏரம்பின் சட்டம். சம்பளமும் கிடையாது. சொட்டுநீர்க் குழாயையும் கைபேசியில் வரும் மழை அறிவிப்பையும் நம்பிய மனிதர் இதை மட்டும் ஆராயவில்லை. ஆராயாமல் இருப்பது அவருக்கு வசதி.

மாசி மாதம் தெல்லிப்பழை விடுதிக்காரர் ஒருவர் வேலிக்கு ஐம்பது நீலச் சங்குப்பூக் கன்று கேட்டார். விதை போட்டுப் பதினைந்து நாளாகியும் மூன்றுதான் முளைத்தன. அவற்றுக்குத் தண்ணீர் ஊற்றிவந்த கஜந்தினியை ஏரம்பு பார்த்தார்.

"துடக்கோடை தொட்டிருக்கிறாய். இன்னொருக்கா இப்பிடி நடந்தா உன்னை நிப்பாட்டிப்போடுவன்."

"விதை போட்டது ஆர் அண்ணை?" என்றாள் அவள். "நீங்கள்தான். வெள்ளிக்கிழமை தோய்ஞ்சு, வீபூதி பூசி, பஞ்சாங்கம் பாத்துப் போட்டனீங்கள்."

மற்றப் பெண்கள் அவசரமாகக் குனிந்து, இல்லாத களையைப் பிடுங்கினார்கள்.

கஜந்தினி ஒரு கன்றுப் பையின் மண்ணைக் கிளறி விதையை எடுத்தாள். அது ஊதவுமில்லை, அழுகவுமில்லை. கடித்துப் பார்த்தாள், கல். தோல் தடிப்பால் தண்ணீரே உள்ளே போகவில்லை என்றாள். நூறு விதையைக் கிணற்றடிச் சீமெந்தில் உரசி ஊறப்போடுவோம், ஐம்பதை அவர் போடட்டும், மற்ற ஐம்பதைத் தனக்குத் துடக்கு வரும் நாளில் தான் போடட்டுமா, இரண்டையும் ஒரே நாளில் போடலாமா என்று கேட்டாள். ஏரம்பு கத்தரி நாற்றுப் பக்கம் திரும்பி நடந்தார். அவருடைய மனைவி குணலட்சுமி குழாயடியிலிருந்து சொன்னாள்:

"பயமெண்டா விடுங்கோவன்."

அதன்பிறகு அவர் விடமுடியுமா?

அந்த நாள் வந்தது. காலையில் உரசி ஊறவைத்த விதைகளைப் பின்னேரம் போட்டார்கள். ஏரம்பு இரண்டு தரம் தோய்ந்து குளித்துவிட்டு வந்தார். கஜந்தினியின் பைகளுக்குச் சிவப்பு நூல், அவருடையவற்றுக்கு வெள்ளை. இரண்டுக்கும் குணலட்சுமியே தண்ணீர் விட்டாள்.

ஏழாம் நாள் வெள்ளையில் நாற்பத்திரண்டு, சிவப்பில் நாற்பத்துநான்கு. ஏரம்பு மூன்று தரம் எண்ணினார்.

"ரெண்டு கூடினதுக்கு ஒரு அர்த்தமும் இல்லை அண்ணை," என்றாள் கஜந்தினி. "என்ரை கையிலை அதிசயமும் இல்லை, விசமும் இல்லை."

"சங்குப்பூ காட்டுக்கொடி. மல்லிகைக்கு உது சரிவராது."

கன்றுகள் தெல்லிப்பழைக்குப் போயின. சிவப்பு நூல் கட்டிய ஒன்றை மட்டும் குணலட்சுமி படலையடியில் நட்டாள்.

அடுத்த முறை துடக்கு வந்த அன்று கஜந்தினி வழக்கம்போல ஏழு மணிக்கே வந்தாள். எல்லோருக்கும் கேட்கும்படி விசயத்தைச் சொன்னாள். ஏரம்பு படலைக் கம்பியைச் சுற்றி ஏறியிருந்த கொடியைப் பார்த்தார். அதில் முதல் மொட்டு நீலம் காட்டியது.

"சரி, கத்தரி நாத்துக்குத் தண்ணி விடு," என்றார். நாலடி நடந்து திரும்பினார். "மல்லிகைப் பக்கம் போகாதை."

அவள் முதலில், தன்னோடு வேலை செய்பவளும் அன்று அதே காரணத்துக்காக வீட்டில் நின்றவளுமான தனுசியாவைத் தொலைபேசியில் அழைத்து வரச்சொன்னாள். பிறகு வாளியை எடுத்தாள். கத்தரிக்கு அடுத்த வரிசை மல்லிகைதான்.