ஹாலில் மாட்டிய கடல் குளியல்

அமெரிக்காவில், பிஸ்கட்டவேயில், வீட்டு வாசலில் பழைய சாமான் விற்கும் ஒரு கராஜ் சேலில் இத்ரீஸ் வாங்கி வந்து ஹாலில் மாட்டிய பழைய இங்கிலாந்துக் கேலிப்படம் அது. கழுத்திலிருந்து கணுக்கால்வரை மூடிய சீமாட்டிகள் கடலில் குளிக்கிறார்கள். கரையிலிருந்து ஒருவன் டெலஸ்கோப்பில் பார்க்கிறான்.

"வெள்ளைக்காரிங்களே அப்ப இப்படித்தான் குளிச்சிருக்காங்க!" என்று விருந்தாளிகளிடம் காட்டி இத்ரீஸ் சிரிப்பார்.

2006 கோடையில் அவர் மனைவி மெஹர் நிஷா சல்வாரும் முக்காடுமாக முழங்கால் அளவு கடலில் இறங்கினாள். எவனோ செல்போனில் படமெடுத்தான். அவனை ஒரு வார்த்தை கேட்காத இத்ரீஸ், "நீ வெளிய வா, எல்லாரும் பாக்கறாங்க" என்று அவளைத்தான் அதட்டினார். அதன்பிறகு பீச்சுக்குப் போனால் அவர் ஷார்ட்ஸில் நீந்துவார். அவள் மணலில் உட்கார்ந்து செருப்புகளுக்குக் காவல் இருப்பாள்.

நேற்று விருந்துக்கு வந்த ஒரு ஆன்ட்டி, படத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டு மெஹர் நிஷாவிடம் கேட்டார்: "நீ மட்டும் ஏம்மா சிரிக்கல?"

"அவங்களாவது தண்ணில நிக்கறாங்க, ஆன்ட்டி."