அங்கிள் வாங்காத பணம்

அந்த ஞாயிற்றுக்கிழமை ஜெபக்கூட்டத்துக்கு கலிபோர்னியாவின் ஃப்ரீமான்ட் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் எல்லாம் வந்திருந்தன. கூட்டம் டாக்டர் அங்கிள் வீட்டில். என்னைப் போல கம்ப்யூட்டர் கம்பெனிப் பையன்கள்கூட சாப்பாட்டுக்காவது வந்திருந்தோம். நான் வாடகைக்கு இருந்த வீட்டின் அங்கிள் மட்டும் வரவில்லை. அவர் எலக்ட்ரீஷியனாக இருந்த கார் தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். வீட்டுக் கடனுக்குத் தவணை கட்ட வழியில்லை. நாலு பேர் முகத்தில் விழிக்கக் கூசினார்.

சாப்பிடும்போது அவர் மனைவி, ஆன்ட்டிதான், டாக்டரிடம் தயங்கித் தயங்கிக் கேட்டார். "கூட வேலை பாத்தவங்கல்லாம் வேலை போனதுக்குக் கவர்ன்மென்ட் தர்ற அன்எம்ப்ளாய்மென்ட் பணம் வாங்குறாங்க. நாங்களும் அப்ளை பண்ணலாமா அண்ணே?"

"சரியாப் போச்சு! கவர்ன்மென்ட் காசைத் தொட்டா நாளைக்கு சிட்டிசன்ஷிப் கிடைக்காது. அப்புறம் ஒன் தம்பிய எப்படி ஸ்பான்சர் பண்ணி இந்த நாட்டுக்குக் கூப்பிடுவ? டெக்சாஸ்ல வேலை கொட்டிக் கிடக்கு, அவரைப் போகச் சொல்லு தங்கச்சி" என்றார் டாக்டர், தட்டிலிருந்து கண்ணை எடுக்காமலே.

டாக்டர் சொன்னால் வேதம் எங்களுக்கு. அங்கிள் பஸ் ஏறி டெக்சாஸ் போனார். அங்கே தொழிற்சாலை வாசலில், நாட்டில் எங்கெங்கோ ஆலை மூடித் துரத்தப்பட்டவர்கள் எல்லாம் அவருக்கு முன்பே நின்றிருந்தார்களாம். பாதிக் கூலிக்கு வா, இல்லையென்றால் பின்னால் நிற்பவன் வருவான் என்றார்களாம். அந்தப் பாதியும் அவருக்குக் கிடைக்கவில்லை. இளைத்துக் கறுத்துத் திரும்பி வந்தார்.

கூட வேலை பார்த்த மெக்சிகோக்காரர் ஒருவர் பார்க்க வந்தார். விஷயத்தைக் கேட்டதும் தலையில் அடித்துக்கொண்டார். அது பிச்சை இல்லை, வேலை போனால் கொடுக்க உன் பேரில் கம்பெனி கட்டி வந்த இன்ஷூரன்ஸ், அதை வாங்கினால் சிட்டிசன்ஷிப்புக்கு ஒன்றும் ஆகாது என்றார். மறுநாளே அங்கிள் போய் விண்ணப்பித்தார். இனிமேல் வருவதைத் தருவோம், போன மாதங்களுக்குக் கிடையாது என்றார்கள். அதற்குள் வீட்டை எடுத்துக்கொள்வதாக பேங்க் நோட்டீஸ் ஒட்டிவிட்டது.

எனக்கு இன்றும் ஆறவில்லை. ஆலை மூடினால் கூலிக்காரன் மேல் குற்றம், வேறு ஊருக்குப் போனாலும் அவன் மேல்தான் குற்றம். தன் கார் இடிபட்டபோது இன்ஷூரன்ஸ் பணம் வாங்க அந்த டாக்டர் கூசினாரா? அந்த கவர்ன்மென்ட் ஆபீசுக்கு ஒரு போன் பண்ணிக் கேட்டிருந்தால் அவருக்கே தெரிந்திருக்குமே! போன வாரமும் ஒரு விருந்தில் சொல்கிறார்: "இந்த ஊர்ல எவனுக்கும் ஒடம்பு வணங்கல தம்பி, வேலைக்கு ஆளே கிடைக்கல."

ஆன்ட்டி தன் கல்யாண நகையை விற்று அந்த வீட்டுக்குக் கட்டிய முன்பணம் பதினோராயிரம் டாலர். வீட்டை பேங்க் எடுத்துக்கொண்டபோது அதில் ஒரு சென்ட்கூடத் திரும்பி வரவில்லை.