மூன்று முறை கூப்பிடுகிறவர்

"உள்ள யாராச்சும் இருந்தா வந்துருங்க." கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு, இருட்டைப் பார்த்து மூன்று முறை குரல் கொடுக்காமல் டோ சேன் மெய் அக்கா கோயிலைப் பூட்டுவதில்லை. வாசலில் ஒரு செருப்புகூட மிச்சமிருக்காது. பர்மாவில், எங்கள் பகானில் செருப்பில்லாத வாசல் என்றால் உள்ளே ஆளில்லை என்றுதான் அர்த்தம். அது அவருக்கும் தெரியும். ஆனாலும் கூப்பிட்டுவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பார்.

சுற்றிப் பார்க்க வருகிறவர்களைக் குதிரை வண்டியில் கொண்டுவந்து அவரிடம் இறக்கிவிடுவது என் பிழைப்பு. அக்காவுக்குக் கன்னத்தில் தனக்கா மரப்பட்டை அரைத்த பூச்சு, வாயில் வெற்றிலை, இடுப்பில் சாவி, கையில் டார்ச். ராஜா காலத்து ஓவியத்தை யாராவது தொடப் போனால், "உன் மாமியார் வீட்டுச் சுவரா அது?" என்பார். வெளிநாட்டுக்காரர்கள் புரியாமல் சிரிப்பார்கள். வடக்கு நடைப் பக்கம் மட்டும் டார்ச்சைத் திருப்பமாட்டார்.

அங்கேதான் அவருடைய ஒரே மகள் தஸின் காணாமல் போனாள். அவள் பிறந்தபோதே ஜோசியர் சொன்னாராம்: இது கோயில் புதையலைக் காக்கிற ஆவிக் கூட்டத்துப் பெண், மனுஷப் பிறவிக்கு லீவில் வந்திருக்கிறது, பத்தொன்பது ஆவதற்குள் திரும்பக் கூப்பிட்டுவிடுவார்கள். அந்த ஜோசியரைத் துடைப்பத்தால் விரட்டிய கதையை அக்கா முன்பெல்லாம் பெருமையாகச் சொல்வார். பதினெட்டு வயதில் ஒரு மத்தியானம் உள்ளே பெருக்கப் போன பெண் வெளியே வரவில்லை. பச்சை வெல்வெட் வார் வைத்த அவள் செருப்பு வாசலிலேயே கிடந்தது. கோயிலுக்கு ஒரே வாசல். அதில் உட்கார்ந்திருந்தது அம்மாதான்.

ஊரே தேடியது, நானும் தேடினேன். வௌவாலும் செங்கல்லும்தான் இருந்தன. அம்மா கண்ணயர்ந்த நேரம் பார்த்து யாரோடாவது தாய்லாந்துப் பக்கம் போயிருப்பாள் என்று ஒருநாள் மெல்லச் சொல்லிப் பார்த்தேன்.

"வெறுங்காலோடயா, தம்பி?" என்றார். பதினொரு வருடமாயிற்று, இன்னும் பதில் கிடைக்கவில்லை.

போன மாத நிலநடுக்கத்தில் கோபுரம் வாய் பிளந்துவிட்டது. இனி யாரும் உள்ளே போகக் கூடாது, பூட்டிவிட்டுச் சாவியை ஒப்படைக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. நேற்று சாயங்காலம் கடைசிப் பூட்டு. நாங்கள் இருவர் மட்டும்தான்.

மூன்று முறை கூப்பிட்டார். மூன்றாவது குரல் அடங்கியதும் வடக்கு நடையில் துடைப்பம் தரையை உரசுகிற மாதிரி ஒரு சத்தம். மெதுவாக, ஒரே சீராக. வௌவால்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் என் குதிரை வண்டியோடு நாலடி பின்வாங்கியது.

அக்கா முகத்தில் பயமே இல்லை. கதவை இழுத்துப் பூட்டினார்.

"நானே ஆபீஸ்ல குடுத்துடறேன்க்கா" என்று கையை நீட்டினேன்.

அவர் என் கையைப் பார்க்கவே இல்லை. குந்தி உட்கார்ந்து, கம்பிகளுக்கு நடுவே கையை விட்டு, உள்ளேயிருந்து எடுக்கத் தோதாகச் சாவியைத் தரையில் வைத்தார்.