முகர்ந்து பார்ப்பவர்

"கையக் காட்டுங்க" என்பார் ரெஜிஷா. வாயால் சொல்லும் எதையும் அவர் நம்புவதில்லை. வலது கையைப் பிடித்து, ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் நடுவே மூக்கை வைத்து ஒரு மூச்சு இழுப்பார். காலை ஏழரைக்குப் பதினெட்டுக் கட்டில், பதினெட்டுக் கை. அதற்குப் பிறகுதான் குட்மார்னிங்.

ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவர்களைப் புகையிலிருந்து மீட்பது அவர் வேலை. நிமோனியாவோடு மூன்றாம் கட்டிலில் கிடந்த நான், முப்பது வருடம் சிகரெட் பிடித்தவன். புத்தகம், அரசியல் என்று பேசி ஏமாற்றிவிடலாம் என்றிருந்தேன். விரலை முகர்ந்துவிட்டு, சார் விடியக்காலையில் கக்கூசில் வைத்து ஒன்று இழுத்திருக்கிறார் என்று வார்டுக்கே கேட்கும்படி சொல்லிவிட்டுப் போனார். அன்று முழுக்க அவர்மேல் கடுங்கோபத்தில் இருந்தேன்.

சாப்பாட்டுக்கும் சோதனை உண்டு. புருஷன் கெஞ்சினால் மனசு இளகும் பெண்கள் புட்டின் நடுவில் பீடியைச் செருகிக் கொண்டுவருவார்கள். ரெஜிஷா கரண்டியால் புட்டை இரண்டாக உடைத்து, பீடியை எடுத்துக்கொண்டு, பழத்தைப் பிசைந்து சாப்பிடச் சொல்வார். ஆசை ஐந்து நிமிடம்தான் நிற்குமாம். கடற்கரைக்காரர்களுக்கு அந்த நேரத்தில் ஜெபமாலையில் ஒரு பத்து மணி சொல்லச் சொல்வார். எனக்கு ஜெபம் வராது என்றதும் ஜன்னலுக்கு வெளியே தெரியும் தென்னைகளை எண்ணச் சொன்னார். நாற்பத்தொன்று.

ஒரு மத்தியானம், இந்த வேலைக்கு எப்படி வந்தீர்கள் என்று கேட்டேன். அவர் கணவர் வினோஜ் ஆழ்கடல் தொழிலுக்குப் போனவர். பீடி நாற்றத்தோடு வாசல்படி ஏறக்கூடாது என்று ரெஜிஷா சட்டம் போட்டிருந்தார். அவரும் வெளியிலேயே சட்டையைக் கழற்றிப் போட்டு, குளித்துவிட்டுத்தான் உள்ளே வருவார். எட்டு வருடத்துக்கு முன்னால் ஒரு புயலில் படகு போனது. உடல்கூடக் கிடைக்கவில்லை. அதற்கடுத்த வருடம்தான் ரெஜிஷா இந்த வேலையில் சேர்ந்திருக்கிறார்.

"கடைசியா கழத்திப் போட்ட சட்டைய ஒரு வருசம் அலக்காம, தண்ணி தொடாம வச்சிருந்தேன் சார். பொறவு அதுல மணம் போச்சு" என்றார். "இப்பம் அவிய வந்தா மதி, அது போரும். ஒரு கட்டு பீடியையும் வீட்டுக்குள்ளயே இருந்து வலிக்கட்டு."

நான் ஜன்னல் பக்கம் திரும்பினேன். தென்னைகளைப் பார்த்தேன்.

ஐந்தாம் கட்டிலில் சிலுவைதாசன். அவரும் கடலுக்குப் போகிறவர். பீடியால் ரத்தக்குழாய் அடைத்து, இடது காலில் இரண்டு விரல்களை எடுத்தாயிற்று. இனியும் பிடித்தால் காலையே எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஒற்றைக்காலோடு படகில் நிற்க முடியாது. ஒன்பது நாள் தாக்குப்பிடித்தார். பத்தாம் நாள் காலையில் அவர் கைத்தடியோடு மாடிப்படிப் பக்கம் போய்வந்ததை நானும் பார்த்தேன்.

ரெஜிஷா வந்தார். சிலுவைதாசனின் வலது கையைப் பிடித்தார். வழக்கமாக ஒரு மூச்சுதான். அன்று விடவில்லை. கண்ணை மூடிக்கொண்டு நின்றார். வார்டே திட்டுக்குக் காத்திருந்தது.

"ஒண்ணே ஒண்ணுதான் மக்கா" என்றார் சிலுவைதாசன், தலையைக் குனிந்துகொண்டு.

"காலு வேண்டாமா அண்ணே?"

ரெஜிஷா போய் ஒரு கிண்ணத்தில் தண்ணீரும் சோப்பும் கொண்டுவந்தார். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, அந்தக் கையை விரல் விரலாகத் தேய்த்துக் கழுவினார். துண்டால் துடைத்தார். துடைத்த பிறகு, அதை மறுபடி முகத்தருகே கொண்டுபோய், நீளமாக மூச்சை இழுத்துப் பார்த்தார்.