அளவு ஏறிக்கொண்டே வந்த பிள்ளை

“எல்லாம் உங்களுக்குத்தானுங்க. அந்தப் பெட்டி மட்டும் விக்கிற கணக்குல வராது” என்றேன்.

வீடு பார்க்க வந்தவர்கள் பக்கத்துக் காம்பவுண்டில் பனியன் கம்பெனி நடத்துகிற புருஷனும் பெண்டாட்டியும். எங்கள் வீட்டை வாங்கி, இடித்து, கம்பெனியைப் பெரிசாக்கப் போகிறார்கள். அந்த மனுஷர் சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். இடிக்கப் போகிற சுவரை எதற்கய்யா தட்டுகிறீர் என்று வாய் வரைக்கும் வந்தது, விழுங்கிக்கொண்டேன். அந்தம்மா உள் அறையில் நின்று சிலாப்பை அண்ணாந்து பார்த்தது. மேலே ஓலைப் பெட்டி.

“ஏனுங்க்கா, அதுல அப்படி என்னங்க இருக்குது?”

“என் மகளுங்க.”

 இடிக்கிற வீடுதானே என்று அந்தம்மா செருப்போடு உள்ளே வந்திருந்தது. போய் வாசலில் கழற்றிவிட்டுத் திரும்பி வந்தது. அப்போதே எனக்கு அதைப் பிடித்துப் போயிற்று.

நாங்கள் தெற்கே தூத்துக்குடிப் பக்கம். கல்யாணமான சூட்டோடு திருப்பூருக்கு பஸ் ஏறினோம். வீட்டுக்காரர் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர், நான் அங்கேயே தைத்ததில் குறை பார்க்கிற செக்கிங். அனுப்பர்பாளையம் தாண்டி ஒரு துண்டு இடம் வாங்கி, அஸ்பெஸ்டாஸ் போட்ட ஒற்றை அறை கட்டினோம். அந்த அறையில்தான் மூத்தவள் நடை பழகினாள். ஆறு வயசில் மஞ்சள் காமாலை வந்து, அதே அறையில்தான் போனாள். அவள் போன பிறகு பிறந்தவன்தான் பையன். அந்த அறையை இடிக்காமல் சுற்றிச் சுற்றித்தான் வீட்டை வளர்த்தோம்.

எங்கள் பக்கத்தில் கல்யாணம் ஆகாமல் செத்த பெண்பிள்ளை, வீட்டுக்குத் தெய்வம். கன்னி என்போம். ஒரு ஓலைப் பெட்டியில் பாவாடை சட்டை, வளையல், கண்ணாடி, பவுடர் டப்பா எல்லாம் வைத்துக் கும்பிட வேண்டும். தை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை பழைய துணியை எடுத்து, அந்த வயசுப் பிள்ளை யாருக்காவது கொடுத்துவிட்டுப் புதுசு வைப்பது வழக்கம்.

முதல் தையில் நான் புதுத்துணிக்குக் கடைக்குப் போகவில்லை. எங்கள் கம்பெனியில் அப்போது பிள்ளைகள் பனியன் உருப்படி ஓடிக்கொண்டிருந்தது. சூப்பர்வைசரிடம் கேட்டு ஒரு பீஸ் வாங்கினேன். “என்ன அளவு?” என்றார். “ஏழு” என்று வாய் தானாகச் சொல்லிற்று. ஏழு ஆகியிருக்குமே அவளுக்கு!

ஊரிலிருந்து வந்திருந்த மாமியார் லேபிளைப் பார்த்துவிட்டுப் பதறினார். “கன்னிக்கு வயசு ஏறாது, ஏட்டி. ஆறுன்னா ஆறுதான். வளர்ந்த கன்னி சொன்ன பேச்சு கேக்காது.”

“பெத்தவ நான். என் பிள்ள அளவு எனக்குத் தெரியும்” என்றேன். எனக்கு அப்படி ஒரு வாய். அடுத்த தையில் எட்டு. அதற்கடுத்து ஒன்பது. எக்ஸ்போர்ட் ஊரில் அளவுக்கா பஞ்சம்? பிள்ளைகள் அளவு முடிந்ததும் பெரியவர்கள் அளவுக்கு ஏறினாள். ஸ்மாலில் கொஞ்ச காலம் நின்றாள். பிறகு மீடியம். ஒரு வருஷம் லார்ஜ் எடுத்து வைத்தேன். “இது எதுக்கு?” என்று வீட்டுக்காரர் கேட்டார். “பிள்ள பெத்த உடம்பாயிருக்கும்ல” என்றேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கொடுத்த துணிகள் தெருவில் நடமாடும். குழாயடியில் அந்தச் சிவப்புக் கோடு போட்ட முதுகு குனிந்து தண்ணீர் பிடிக்கும். பள்ளிக்கூட வேனிலிருந்து அந்த மஞ்சள் பனியன் இறங்கும். முகம் திரும்புகிற வரைக்கும் அவள்தான். திரும்பிவிட்டால் யார் வீட்டுப் பிள்ளையோ. அதனால் நான் கூப்பிட மாட்டேன், பின்னாடியே கொஞ்ச தூரம் நடப்பேன். தெருவில் என்னைப் பற்றி என்ன பேசினார்கள் என்று தெரியும். பேசட்டும், எனக்கென்ன!

இன்னொன்றும் உண்டு. இதை நம்பினால் நம்புங்கள். ஒரு வருஷம் பெட்டியில் மடித்து வைத்த பனியன் வைத்தது வைத்தபடி இருக்க வேண்டுமா இல்லையா? இருக்காது. கழுத்து தளர்ந்திருக்கும். தலையை நுழைத்து நுழைத்துக் கழற்றின தளர்ச்சி. ஒரு வருஷம் வைத்த முழுக்கை பனியனில் முழங்கை பிதுங்கியிருந்தது. அத்தனை காலம் செக்கிங் பார்த்த கைக்குப் புதுசும் உடுத்தினதும் தெரியாதா?

“காட்டன் அப்படித்தான். மேல சூட்டுல கிடந்தா தளரும். எல்லாத்துக்கும் ஒரு கதை கட்டாத” என்பார் அவர். ஆனால் ஒரு தையில் புதுத்துணியைப் பெட்டிக்குள் வைக்குமுன் டேப்பை எடுத்து அதன் கழுத்தை அளந்தார். அடுத்த தையில் திரும்ப அளந்தார். நான் அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றுக்கு இரண்டு தரம் டேப்பைப் பார்த்தார் மனுஷன். டேப்பைச் சுருட்டிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

போன வருஷம் அவருக்கு நெஞ்சுவலி வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். டெல்லிப் பக்கம் குருகிராமில் வேலை பார்க்கிற பையன் ஓடி வந்தான். “இனிமே நீங்க ரெண்டு பேரும் இங்க தனியா இருக்க வேண்டாம்மா. வீட்டக் குடுத்துட்டு எங்கூட வந்துருங்க” என்றான். அவருக்கும் சம்மதம். ராத்திரி மூச்சு வாங்கினால் ஓடிப் போய்க் கூப்பிட ஆள் வேண்டுமே. எனக்கும் அது தெரியும். தையல் மிஷின் போயிற்று, கட்டில் போயிற்று, கிரைண்டரை எதிர்வீட்டுக்காரி தூக்கிக்கொண்டு போனாள். இட்லிக் குண்டானைக்கூட வேண்டாம் என்கிறான். அங்கே எல்லாம் இருக்கிறதாம், எனக்குக் கம்பளிகூட வாங்கி வைத்திருக்கிறானாம். வைத்துக்கொள், ராசா. எனக்கு ஒரே ஒரு கேள்விதான். இவள் வருவாளா?

கன்னியைக் கேட்காமல் பெட்டியைத் தூக்கக் கூடாது. தூக்கினால் பெட்டிதான் வரும், பிள்ளை நின்ற இடத்திலேயே நிற்கும். அந்த இடத்தையோ ஜேசிபி வைத்து இடிக்கப் போகிறார்கள். என் பிள்ளை எங்கே போய் நிற்பாள்?  பையனிடம் போனில் சொன்னேன். “பெட்டியத்தான எடுத்துட்டு வர்றோம், பிறகு என்னம்மா?” என்றான். அக்காவை அவன் கண்டதில்லை. அவனைச் சொல்லிக் குற்றமில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் குளித்துவிட்டுப் பெட்டியை இறக்கி விளக்கேற்றினேன். இரண்டு வாழையிலைப் பொட்டலம். ஒன்றில் வெள்ளை அரளி, ஒன்றில் சிவப்பு. வெள்ளை வந்தால் கூட வருகிறாள். சிவப்பு வந்தால் வரவில்லை. எடுப்பதற்குச் சின்னப் பிள்ளைதான் வேண்டும். பின்னால் வாடகைக்கு இருக்கிற ஒடிசாக்காரப் பெண்ணின் மகளைக் கூப்பிட்டேன். குழந்தையோடு தாயும் வந்து உட்கார்ந்தது, போன தையில் நான் கொடுத்த நீலப் பனியனைப் போட்டுக்கொண்டு.

“எங்கூட வர்றியா தாயி?” என்று கேட்டேன். குழந்தை ஒரு பொட்டலத்தை எடுத்தது. பிரித்தேன். சிவப்பு.

ஒரு தரம்தான் கேட்க வேண்டும். நான் கேட்பேனா? பொட்டலங்களைத் திரும்ப மடித்து, குலுக்கி, மறுபடியும் வைத்தேன். மறுபடியும் சிவப்பு.

“என்னடி நினைச்சிக்கிட்டிருக்க?” என்று பெட்டியைப் பார்த்துக் கத்தினேன். “இடிக்கப் போறாங்கடி! மழைலயும் வெயில்லயும் எங்கடி நிப்ப? அப்பாவுக்கு நெஞ்சு சரியில்லன்னு தெரியும்ல? பெத்தவ கூப்பிடுறேன், வர மாட்டியா?” குழந்தை மிரண்டு போய் அம்மா மடியில் ஏறி அந்த நீலப் பனியனுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டது. என்னால் அங்கே பார்க்க முடியவில்லை.

அவர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். இத்தனை வருஷம் கேலி பண்ணின மனுஷன் பைய வந்து என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

“ஆறு வயசுலயே விட்டிருந்தா உன் சேலையப் பிடிச்சிக்கிட்டு வந்திருப்பா. வளத்துட்டியே, ஏட்டி” என்றார்.

குத்திக்காட்டவில்லை, அழுதுகொண்டேதான் சொன்னார்.  எதற்கும் ஒரு பதில் வைத்திருக்கிறவள் நான், பொட்டலங்களைப் பிரித்துப் பூவை விளக்கடியில் வைத்தேன். 

பத்திரம் முடிந்த அன்று பக்கத்துக் கம்பெனி அம்மாவைக் கூப்பிட்டு, இந்த மாதிரி, வர மாட்டேன் என்கிறாள் என்றேன். அது சிரிக்கவில்லை. “அவிநாசிப் பக்கம் எங்க தோட்டத்துல கன்னிமாரு ஏழு பேரு இருக்கறாங்க்கா. இவளும் நம்ம ஊட்டுப் புள்ளையா இருக்கட்டுமுங்க. புதுக் கட்டடத்துல இந்த அறை இருக்கற எடத்துலயே ஒரு மாடம் உட்டர்றோம். வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம வெளக்குப் போடறனுங்க” என்றது. கையைப் பிடித்துக்கொண்டேன். வேறென்ன செய்ய?

கிளம்புகிற அன்று ஆட்டோ வாசலில் நின்றது. அவர் ஏறி உட்கார்ந்து ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். நான் பெட்டியை அந்தம்மா கையில் கொடுத்தேன். கனமே இல்லை, கொடுத்த பிறகும் கை நீட்டினபடியே இருந்தது.

“தையில புதுத்துணி வெக்கோணும்னீங்களே, என்ன அளவுங்க்கா?”

“இப்ப உள்ள இருக்கிறது லார்ஜுங்க. வர்ற தையில மீடியம் வையுங்க. அடுத்த தையில ஸ்மாலு. பிறகு பிள்ளைங்க அளவு. வருஷத்துக்கு ஒரு அளவு குறைச்சிக்கிட்டே வாங்க.”

“குறைக்கறதுங்களா?”

“ஆமாங்க. ஆறு வயசு அளவுக்கு வந்ததும் எனக்கு ஒரு போன் போடுங்க. நான் வந்து கூட்டிட்டுப் போயிடுறேன்.”

அந்தம்மா பெட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, லார்ஜ், மீடியம், ஸ்மால் என்று விரலை மடக்கிப் பார்த்தது. பாதியில் நிறுத்திவிட்டு என் நரைத்த தலையைப் பார்த்தது.

“செரிங்க்கா” என்றது.