வீங்காத கை

எனக்குக் காறித் துப்பத் தெரியவில்லை. அதுதான் பெரிய குற்றமாகப் போயிற்று. என் இருமல் நிற்கவில்லை என்று, தோட்டத்தில் வைத்தியம் பார்க்கும் டிரஸ்ஸர் காலையிலேயே வந்து ஒரு சிரட்டையை என் வாய்க்குக் கீழே பிடித்து, சளியைத் துப்பச் சொல்வார். நான் இருமுவேன், மேலே வந்ததை விழுங்கிவிடுவேன். ஏழு வயதுப் பிள்ளை வேறென்ன செய்யும்? எச்சில்தான் வந்தது. வெறும் எச்சிலை மைக்ராஸ்கோப்பில் வைத்து சயரோகம் உண்டா இல்லையா என்று சொல்ல முடியாதாம்.

ஜப்பான்காரன் காலம் அது. பாடாங் மேஹா பக்கத்தில் எங்கள் ரப்பர்த் தோட்டம். அப்பாவைச் சயாமுக்கு ரயில் பாதை போடப் பிடித்துப் போயிருந்தார்கள். கூலிக்காரர் லயத்தின் ஒற்றை அறையில் அம்மா, நான், பால்குடி மறக்காத தம்பி. பாஸ் இல்லாமல் கேட்டைத் தாண்ட முடியாது. நோய் என்று தெரிந்தால் மட்டும் தாண்டலாம், காட்டோரத்துத் தனிக்கொட்டகைக்கு. அங்கே போன யாரும் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை.

ஜப்பான்காரனுக்குப் பயந்து வெள்ளைக்காரத் துரை ஓடும்போது விட்டுப்போன பெட்டியிலிருந்து ஒரு மருந்தை எடுத்து, டிரஸ்ஸர் என் முன்கையில் ஊசி போட்டார். நோய் உள்ளே இருந்தால் இரண்டு மூன்று நாளில் அந்த இடம் தடித்து வீங்கும் என்றார். அம்மா வேலைக்குப் போகுமுன் ஒரு தடவை, வந்ததும் ஒரு தடவை என் கையைத் தடவிப் பார்ப்பாள். வீங்கவே இல்லை. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போச்சு என்றார் பக்கத்து வீட்டு அக்கா. அம்மா மாரியம்மன் கோயில் பக்கம் திரும்பிக் கும்பிட்டாள்.

டிரஸ்ஸர் மட்டும் சந்தோஷப்படவில்லை. மரவள்ளிக்கிழங்கு தின்றே கிடக்கும் உடம்புக்கு வீங்கக்கூடத் தெம்பிருக்காது, ஐஸ் இல்லாமல் கிடந்த மருந்தே செத்திருக்கலாம் என்றார். விழுங்கிய சளியை, விடிந்ததும் வெறும் வயிற்றில், மூக்கு வழியாகக் குழாய் விட்டு எடுத்துப் பார்க்கலாமாம். வெறும் வயிற்றுக்கு எங்களிடம் பஞ்சமே இல்லை. குழாய்தான் இல்லை. அவரிடமிருந்த ஒன்றும் பிசுபிசுத்து ஒட்டிப் போயிருந்தது. கண்ணுக்கு எட்டிய தூரமெல்லாம் ரப்பர் மரம், ஒரு முழம் ரப்பர்க் குழாய்க்கு வழியில்லை. நினைத்தால் இன்றும் எனக்கு எரிச்சல் வருகிறது.

கடைசியில் அவர் அம்மா பக்கம் திரும்பினார். பிள்ளைகளுக்கு இது பெரியவர்களிடமிருந்துதான் தொற்றும், வீட்டில் யாராவது இருமுகிறார்களா என்று கேட்டார். வாய் நிறைய வெற்றிலையோடு அம்மா இல்லையென்று தலையாட்டினாள்.

சோற்றுக்கில்லாத காலத்திலும் அம்மாவுக்கு வெற்றிலை உண்டு. லயத்துக்குப் பின்னால் கொடி படர்ந்திருந்தது. அவள் சாக்கடையில் சிவப்பாகத் துப்புவதை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஆனால் காலையில் முதல் வெற்றிலை போடுமுன்பே அவள் துப்பியது சிவப்பாக இருந்ததை நான் பார்த்திருந்தேன். நான் பார்த்தது அவளுக்கும் தெரியும்.

டிரஸ்ஸர் குனிந்தார். "நீ சொல்லு பாப்பா. அம்மா இருமுறாங்களா?"

அம்மாவின் கை என் தோளில் இருந்தது. அழுத்தவில்லை, சும்மா இருந்தது. சொன்னால் அம்மா தனிக்கொட்டகைக்குப் போவாள். நானும் தம்பியும் யாரிடம் போவோம்? சொல்லாவிட்டால் மூன்று பேரும் அந்த ஒற்றை அறைக்குள்.

"அம்மா வெத்தல போடுவாங்க," என்றேன்.

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சிரட்டையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அதைப் பொய் என்று இன்றுவரை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். போடுவாள்தானே.

அன்றிலிருந்து அம்மா தன் மங்குத் தட்டைத் தனியாகக் கழுவி வைத்தாள். சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்தாள். தம்பி அவள் முதுகைப் பிறாண்டிப் பிறாண்டி அழுவான். ஜப்பான்காரன் போவதற்கு முன்பே அவள் போய்விட்டாள். அப்பாவும் வரவில்லை. பக்கத்து வீட்டு அக்காதான் எங்கள் இருவரையும் வளர்த்தார்.

பல வருடம் கழித்துக் கூலிம் ஆஸ்பத்திரியில் என் நெஞ்சை எக்ஸ்ரே எடுத்தார்கள். உள்ளே ஆறிப்போன பழைய தழும்பு ஒன்று இருந்தது. சின்ன வயதில் வீட்டில் யாருக்காவது காசநோய் இருந்ததா என்று டாக்டர் கேட்டார். இப்போது தனிக்கொட்டகை இல்லை, கேட் இல்லை, பிடித்துக்கொண்டு போக அம்மாவும் இல்லை. ஆனாலும் என் தோளில் அந்தக் கை இருந்தது.

"அம்மா வெத்தல போடுவாங்க," என்றேன்.